பால்மாவுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு,

விவசாயத்தால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களை நாடு வாரியாக ஒப்பிட்டு நீங்கள் ஞாயிறன்று வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தேன். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் பழியெல்லாம் சனத்தொகை கூடிய இந்தியா, சீனா மேல்தான் விழும், சுமார் 50 இலட்சம் பேர் வாழும் நியூசிலாந்து கண்ணிலேயே படாது. ஆனால் அந்த நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழப் பாதி விவசாயத்தினுடையது, அதிலும் பெரும்பங்கு மாடுகளும் ஆடுகளும் ஏப்பமாக விடும் மீதேன். சரி, அந்தப் பால் யாருக்கு? வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் காலைத் தேநீருக்குக் கரைக்கும் பால்மா பைக்கற்றின் பின்புறத்தில் நியூசிலாந்து என்றுதான் அச்சிட்டிருக்கிறது, அந்த மீதேனில் எங்கள் கோப்பைக்கும் பங்குண்டு, கணக்கு மட்டும் அவர்கள் பெயரில். அடுத்த முறை ஆளுக்கு எவ்வளவு, ஏற்றுமதிக்கு எவ்வளவு என்ற இரண்டு நிரல்களையும் சேர்த்துப் போடுங்கள்.

வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு 06