தாரைவார்த்தது எதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தின் மக்களவைத் தேர்தல் முடிவுகளை அலசிக் கடந்த ஞாயிறு நீங்கள் போட்ட முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். தலைவர்களின் வண்ணப்படங்கள் எல்லாம் பிரமாதம். ஆனால் மூன்றாவது பத்தியில் "இலங்கைக்குத் தாரைவார்க்கப்பட்ட கச்சத்தீவு" என்று வருகிறது. அதைப் படித்ததும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கொழும்பில்தான் அச்சாகியிருக்கிறது.

கச்சதீவு யாழ்ப்பாண மாவட்டத்தில் நெடுந்தீவுப் பிரதேச செயலாளர் பிரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்ததும் 'கச்சதீவு' என்றுதான். நடுவில் இந்த 'த்' எந்தக் கப்பலில் வந்து இறங்கியது? "இலங்கைக்கு" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். "எமக்கு" என்று போட்டிருந்தால் அந்தத் தீவைக் கொஞ்ச நேரமாவது நாமும் அனுபவித்திருப்போம்.

மார்ச் 31ஆம் திகதி பிரதமர் மோடி இந்த விடயத்தைக் கிளப்பினார். மறுநாளே வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களைக் கூட்டினார். காங்கிரசும் கருணாநிதியும் விட்டுக்கொடுத்தார்கள் என்று இவர்கள் சொல்ல, பத்து வருடம் ஆட்சியில் இருந்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஏப்ரல் 19 வாக்களிப்பு. ஆளுக்கொரு பேச்சு வேண்டும். அதில் நான் குறை காணவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் முடிந்த விடயம் என்று நம் அமைச்சர் அலி சப்ரி அப்போதே சொல்லிவிட்டார். அவர்கள் அப்படிப் பேசியது வாக்குக்காக. தாங்கள் எந்தத் தொகுதியில் நிற்கிறீர்கள் ஐயா?

அப்புறம், கச்சதீவைப் பற்றி எழுதப் புறப்பட்டவர் அதற்கு நேரெதிரே உள்ள இராமநாதபுரத்தை எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? இவ்வளவு பேசிய பாரதிய ஜனதா அங்கே தன் ஆளை நிறுத்தவே இல்லை. முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஆதரவு கொடுத்தது. அவர் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நிற்க, அதே பெயரில் இன்னும் சிலரும் வாக்குச்சீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். வென்றவர் தி.மு.க. கூட்டணியில் ஏணிச் சின்னத்தில் நின்ற முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி. கச்சதீவைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சனத்தின் தீர்ப்பு இது. இதற்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. "தமிழகமே ஒன்றுபட்டு நின்றது" என்பதற்கு மட்டும் கொட்டை எழுத்து. 39இலும் வென்ற கூட்டணி வாங்கிய வாக்கு பாதிக்கும் கொஞ்சம் குறைவுதான். நம் நாட்டு விகிதாசார முறையில் எண்ணியிருந்தால் அ.தி.மு.க.வுக்கும் நல்ல எண்ணிக்கையில் ஆசனம் கிடைத்திருக்கும். அதைச் சொல்லத் தமிழகத்துப் பத்திரிகைக்கு அவசியமில்லை, விருப்பு வாக்கு எண்ணி எண்ணிக் களைத்த நமக்கு உண்டு.

என் மருமகளின் தகப்பன் யாழ்ப்பாணம் குருநகரில் கடற்றொழில் செய்கிறவர். தேர்தல் நேரத்தில் அவரிடம் கேட்டேன். சிரித்தார். திங்கள், புதன், சனி ராத்திரிகளில் வடக்கில் வலை விரிக்க ஆட்கள் பயப்படுவார்கள், அவை அக்கரை இழுவைமடிப் படகுகள் வரும் நாட்கள். போன வருடம் அவருக்கு வலையில் மட்டும் போன காசை மகளிடம்கூடச் சொல்லவில்லை. இழுவைமடித் தொழிலை 2017இல் இங்கே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. கடலுக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அங்கே மீன்பிடித் தடைக்காலம். தேர்தல், பிரசாரம், முடிவு எல்லாம் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிட, "இந்த ரெண்டு மாசம் நல்லாயிருந்தது சம்பந்தி, வருசா வருசம் எலெக்சன் வைக்கச் சொல்லுங்கோ" என்றார். இப்போது தடை முடிந்துவிட்டது. இராமேஸ்வரத்துப் பிள்ளைகள் பிடிபட்டு இங்கே சிறையில் இருப்பதும் பாவம்தான், அவர்களும் கூலிக்குப் போகிறவர்கள். ஆனால் அந்தப் பக்கத்துக் கண்ணீர் உங்கள் பத்திரிகையில் சென்னைச் செய்தியாக அன்றன்றே வந்துவிடுகிறது. குருநகருக்கு ஒரு நிருபரை அனுப்பப் பேருந்துக் கட்டணம் அவ்வளவு கூடிவிட்டதா?

சரி, தாரைவார்த்த கதைக்கே வருகிறேன். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

1974 ஜூனில் சிறிமாவோ அம்மையாரும் இந்திரா காந்தியும் தீவுக்குக் கையெழுத்திட்டார்கள். வருகிற புதன்கிழமையோடு அதற்கு ஐம்பது வயது. அதே 1974 ஜனவரியில் அதே இருவரும் இன்னொன்றுக்கும் உடன்பட்டார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் மலையகத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்த பிறகு, மிச்சம் விட்டுவைத்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதி, 75,000 என்று பங்கிட்டார்கள். அந்தத் தீவு 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் கிடையாது, குடியிருப்பு கிடையாது, அந்தோனியார் கோயில் மட்டும். அதற்கு ஐம்பது வருடமாகத் தாரைவார்த்தல் என்று பெயர். ஆட்களைப் பங்கு போட்டதற்கு நம் பத்திரிகைகள் வைத்த பெயர் 'தாயகம் திரும்புதல்'. திரும்புவதற்கு என் பெரியப்பா எப்போது அங்கே இருந்தார்? இங்கே மலையகத்தில், பொகவந்தலாவையில் பிறந்தவர்.

அந்த வருடம் ஆவணியில் ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிவிட்டோம். எனக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கம் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். இங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே அவர்களைச் சிலோன்காரன் என்கிறார்கள். பெரியப்பா மகன் ஏப்ரல் 19 அன்று மை வைத்த விரலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கச்சதீவு எப்படிப் போகிறது அண்ணே என்று கேட்டேன். "தோட்டத்து வீட்டை விட்டு எழுப்பிடுவாங்களோன்னு நாங்க முழிக்கிறோம், நீ தீவைக் கேட்கிறியே" என்றார். ஆ. இராசாவும் எல். முருகனும் மோதிய அந்தத் தொகுதியில் இலங்கையிலிருந்து போன குடும்பங்களின் வாக்கு எத்தனை! உங்கள் கட்டுரை நீலகிரியைப் பற்றி யானை வழித்தடம் என்று மட்டும் எழுதிவிட்டுக் கோயம்புத்தூருக்கு இறங்கிவிட்டது.

2009ஐயும் நான் மறக்கவில்லை. மே 13 அங்கே வாக்களிப்பு, 16 முடிவு. யார் வந்தால் நமக்கு விடிவு என்று இங்கே ஆரூடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 27 ஆசனம் தி.மு.க. கூட்டணிக்கு, 12 அ.தி.மு.க. கூட்டணிக்கு. 19ஆம் திகதிக்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. இடம் போதாமல் இருந்திருக்கும்.

நம் தேர்தல் ஒன்று இருந்ததும் ஞாபகம் வருகிறது. 2023 மார்ச் 9 நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றது. வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2013இல், நம் மேல் மாகாணத்துக்கு 2014இல். எங்கள் லேனில் வடிகான் அடைத்து இரண்டு மாதம், போய்ச் சொல்ல ஒரு மாநகரசபை உறுப்பினர் கிடையாது. அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் 39 தொகுதியின் வெற்றி வித்தியாசத்தையும் படித்து முடித்தேன்.

என் வேண்டுகோள் சிறியது. கச்சதீவில் அந்த 'த்' வேண்டாம். சென்னையிலிருந்து வாங்கிப் போடும் கட்டுரை என்றால் மேலே 'சென்னை' என்று போட்டுவிடுங்கள், நாங்கள் அதற்கேற்பப் படித்துக்கொள்கிறோம். இன்னொன்று, இந்தக் கட்டுரைக்கு இடம் வேண்டிக் குறுக்கெழுத்துப் போட்டியை எடுத்துவிட்டீர்கள். அதற்கு முந்திய வாரத்து விடைகளும் அதோடு போய்விட்டன. மேலிருந்து கீழ் 14 எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.
ஜூன் 2024