வினைக்கட்டுப்பாட்டுக் காரணிக் கணக்குகளை அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கநிலை வேதியியலுக்குப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

ஒரு வேதிவினையில் எந்த வினைபடுபொருள் முதலில் தீர்ந்து, விளைபொருளின் அளவுக்கு எல்லை வகுக்கிறது, அதாவது எது வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, என்று கண்டறியும் கணக்குகளை நெடுநாள் கற்பித்தும் திருத்தியும் வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இக்கணக்குகளில் மாணவர்கள் தவறான விடை எழுதுவதைக் காட்டிலும், தவறான வழியில் சென்று சரியான விடையை அடைந்துவிடுவதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அதற்கு இடம் தருபவை நாம் தேர்ந்தெடுக்கும் எண்களே.

கிராமில் குறைவாக இருப்பதே முதலில் தீரும் என்று சில மாணவர்கள் நம்புகிறார்கள். துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகான மோலில் குறைவாக இருப்பதே தீரும் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். 28 கிராம் (1 மோல்) நைட்ரஜனும் 3 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உருவாகும் கணக்கில், 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் தேவைப்பட, இருப்பதோ 1.5 மோல், ஆகவே ஹைட்ரஜனே வினையைக் கட்டுப்படுத்துகிறது. மோல்களை மட்டும் ஒப்பிட்டவர் இங்கே பிடிபடுவார். கிராமை மட்டும் பார்த்தவரோ ஏதும் விளங்காமலே சரியான பொருளைச் சுட்டிவிடுவார். 4 கிராம் ஹைட்ரஜனையும் 16 கிராம் ஆக்சிஜனையும் தந்து நீரின் அளவைக் கேட்டால் 2 மோல் ஹைட்ரஜனுக்கு 1 மோல் ஆக்சிஜன் தேவை என்பதால் ஆக்சிஜனே முதலில் தீர, நிலைமை தலைகீழாகும்: கிராமைப் பார்த்தவர் சிக்குவார், 2 மோலையும் 0.5 மோலையும் ஒப்பிட்டவர் தப்பிவிடுவார்.

இரண்டு எண்ணங்களும் ஒருசேர உடையும்படி எண்களை அமைக்க முடியும். 42 கிராம் கார்பன் மோனாக்சைடும் 32 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடு உருவாகட்டும். முன்னது 1.5 மோல், பின்னது 1 மோல். கிராமிலும் மோலிலும் ஆக்சிஜனே குறைவு. ஆனால் 2 மோல் கார்பன் மோனாக்சைடுக்கு 1 மோல் ஆக்சிஜன் என்பதே சமன்படுத்தப்பட்ட சமன்பாடு சொல்லும் விகிதம் என்பதால், இருக்கும் 1.5 மோலுக்கு 0.75 மோல் ஆக்சிஜன் போதும். அளவில் மிகுந்திருக்கும் கார்பன் மோனாக்சைடே முதலில் தீர்கிறது. 66 கிராம் கார்பன் டைஆக்சைடு உருவாகி, 8 கிராம் ஆக்சிஜன் எஞ்சுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீரும் என்று கொண்டவருக்கு 88 கிராம் விடையாக வரும். கலத்துக்குள் சென்றதே 74 கிராம்தான் என்று ஒருமுறை கூட்டிப் பார்த்திருந்தால், அவர் தம் பிழையைத் தாமே கண்டிருப்பார். வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்று வேதியியலாளர் லவாய்சியே தராசைக்கொண்டு நிலைநாட்டிய பொருண்மை அழியா விதியை முதல் பாடத்தில் மனப்பாடம் செய்ய வைக்கும் நாம், அது உண்மையில் கைகொடுக்கும் இந்த இடத்தில் அதை நினைவூட்டாமல் விடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஒவ்வொரு பொருளின் மோல் எண்ணிக்கையையும் சமன்பாட்டில் அதற்குரிய குணகத்தால், அதாவது அதன் முன் நிற்கும் எண்ணால், வகுத்து, சிறிய ஈவைத் தேர்ந்தெடுக்கும் குறுக்குவழியை நான் மறுக்கவில்லை. அது சரியான வழிதான். ஆயினும் மேற்சொன்ன கணக்கில் கிடைக்கும் 0.75 என்ற ஈவையே விளைபொருளின் மோல் எண்ணிக்கையாக எழுதி, அதை மீண்டும் 2 என்ற குணகத்தால் பெருக்க மறந்துவிடும் விடைத்தாள்களைத் தொடர்ந்து காண்கிறேன். வினைக்கு முன் இருந்தது, வினையில் மாறியது, வினைக்குப் பின் எஞ்சியது என்று மூன்று வரிகளில் மோல் அட்டவணை எழுதப் பழகியவர்களிடம் இந்த மறதி அரிது. ஏனெனில் ஒவ்வொரு எண்ணும் எந்தப் பொருளுக்குரியது என்பது அவர்கள் கண்முன்னே இருக்கிறது. குறுக்குவழியை அட்டவணைக்குப் பிறகு கற்பியுங்கள்.

வினாத்தாள் அமைப்போரிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். விளைபொருளின் நிறையோடு வினாவை முடித்துவிடாமல், எஞ்சிய பொருள் எது, அதன் நிறை எவ்வளவு என்றும் கேளுங்கள். வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றே எனச் சரிபார்க்கும் வரிக்குத் தனியாக ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்