டெர்ப்ஸ்ட்ரா என்னும் நம் பெயர்

அன்புள்ள மகனுக்கு,

சென்ற முறை தொலைபேசியில் மருமகளின் உடல்நலத்தையும் வீட்டு வாடகையையும் விரிவாகச் சொன்ன நீ, பிறக்கப்போகும் குழந்தையின் குடும்பப்பெயரைப் பற்றி வாய்திறக்கவில்லை. நம் பெயர் நெப்போலியனின் எழுத்தர் ஒட்டிவிட்டது என்று நீ சொன்னதுதான் என் மனத்தை விட்டு அகலவில்லை.

1811-ஆம் ஆண்டு நெப்போலியன் இட்ட ஆணையால் குடும்பத்தலைவர்கள் பெயரைப் பதிந்தது உண்மை. அதுவரை நெதர்லாந்தின் வடபகுதியான நம் பிரீஸ்லாந்தில் பலர் தந்தையின் பெயரையே தம் பெயருக்குப் பின் இட்டுக்கொண்டனர். ஆனால் பெயரைச் சொன்னவர்கள் அந்தத் தலைவர்களே. எழுத்தர் அதை எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அணைக்கரையில் இருந்தவர் டைக்ஸ்ட்ரா என்றும், மதகடியில் இருந்தவர் சைல்ஸ்ட்ரா என்றும், மேட்டில் இருந்தவர் டெர்ப்ஸ்ட்ரா என்றும் ஆனார்கள். கடலுக்கு அணை கட்டத் தெரியாத காலத்தில், வெள்ளத்துக்குத் தப்ப மண்ணும் சாணமும் கொட்டி மனிதர் உயர்த்திய மேடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அந்த மண்ணை எருவாக வெட்டி விற்றதில் பல மேடுகள் அழிந்தன. நம்முடையதிலும் பாதி போய்விட்டது.

-மா, -இங்கா என்று முடியும் பெயர்களின் கதை வேறு. குலத்தின் பெயர் பண்ணைக்கு ஆகி, பின்னர் அங்கே குத்தகைக்கு வந்த உறவில்லாத குடும்பத்துக்கும் ஆனதுண்டு. ஆகவே அவற்றைக் கொண்டு வம்சப் பெருமை பேசுவோரை நான் நம்புவதில்லை. அக்காலத்தில் வாக்குரிமையே பண்ணைக்குத்தான் இருந்தது. 1640-ஆம் ஆண்டின் வாக்குப் பதிவேட்டில் பண்ணைகளுக்கு நேரே உடையவரையும் உழுதவரையும் எழுதியிருப்பதை லேவார்டன் ஆவணக்காப்பகத்தில் நீயே நகலெடுத்தாய். அந்தத் தாள்களை அப்பா வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். அப்படிப்பட்ட நீயா இப்போது எழுத்தர் கதை பேசுவது?

மருமகளின் பெயர் மீது எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. 2024 முதல் பெற்றோர் இருவரின் பெயரையும் சேர்த்தே குழந்தைக்கு வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கருதிப் பார். முதல் குழந்தைக்கு நீங்கள் தேர்வதே அடுத்த குழந்தைகளுக்கும் நிலைக்கும் என்பதால், மீண்டும் சொல்கிறேன், அவசரப்படாதே. பெயரைத் தேர்வதானால் இருவரும் சேர்ந்து நகராட்சிக்குச் செல்ல வேண்டும், பிறந்த மூன்று நாளுக்குள் பதியவும் வேண்டும். அதற்கு முன் எனக்கு எழுது. எந்த முடிவானாலும் அதை உன் வாயிலிருந்து கேட்கவே விரும்புகிறேன்.

அன்புடன்,
அம்மா