அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள்

கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆடிய காலம் முழுக்க ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிற தடுப்பாட்டக்காரனாக (டிஃபென்டர்) நின்றவன் நான். கோல் அடித்துப் பேர் வாங்குகிற இடமல்ல அது. எதிரணி கோல்கீப்பர் தூக்கி அடிக்கிற பந்து, கார்னரிலிருந்து வளைந்து வருகிற பந்து எல்லாவற்றுக்கும் முதலில் தலையைக் கொடுக்க வேண்டியவன் ஸ்டாப்பர்தான். ஃபார்வர்டுக்கு ஒரு கணம் முன்னால் எம்பி, நடு நெற்றியில் பந்தை வாங்கி, அது நடுக்கோட்டைத் தாண்டி விழுவதைப் பார்க்கிற சுகத்தை இன்றைக்கும் நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆகவே தலையால் பந்தை முட்டுகிற ஹெட்டிங்கையே ஒழித்துவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. தலையில் அடிபட்டவனைச் சோதிக்க மருத்துவருக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஒரே பந்துக்கு இரண்டு பேர் எம்புகிறார்கள், மண்டையும் மண்டையும் மோதுகின்றன. எழுந்து நிற்கிறீர்கள், கால் தரையில் நன்றாகத்தான் ஊன்றுகிறது. விளக்கு வெளிச்சம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கூசுகிறது. ஃபிசியோ ஓடி வந்து கேட்கிறார்: ஸ்கோர் என்ன, இது எந்தப் பாதி, கடைசி கோல் யார் அடித்தது? மூன்றுக்கும் பதில் வந்துவிடுகிறது. அதற்குள் நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நீங்கள் வெளியே போனால் உங்கள் அணி பத்துப் பேரோடு ஃப்ரீ கிக்கைத் தடுக்க வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகிறேன்." நானும் சொல்லியிருக்கிறேன், என்னோடு ஆடியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை. அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றும். அடிவாங்கிய மூளையிடமே போய் அடிபட்டதா என்று கேட்டால் வேறென்ன சொல்லும்?

2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் முதல் பாதியிலேயே தலையில் இடி வாங்கினார். சிகிச்சைக்குப் பிறகு மறுபடி ஆட வந்துவிட்டார். "இது இறுதி ஆட்டமா?" என்று அவர் தன்னிடம் கேட்டதாக நடுவர் நிக்கோலா ரிசோலி பின்னால் சொன்னார். உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்கிற ஆட்டத்தில், நல்ல மருத்துவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது இது நடந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மூளை அதிர்ச்சிக்கென்று கூடுதல் மாற்று ஆட்டக்காரரை 2021-இல் சோதனையாக அனுமதித்தீர்கள், 2024-இல் விதிப்புத்தகத்திலும் சேர்த்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அது நிரந்தர மாற்று. வெளியே போனவன் திரும்ப வர முடியாது. சந்தேகம் தெளியாத நிலையில் ஒரு முக்கியமான ஆட்டக்காரனை ஒரேயடியாக வெளியே எடுக்க எந்தப் பயிற்சியாளருக்குத்தான் மனம் வரும்? கடைசியில் அவன் முகத்தைப் பார்த்து, புல்தரையில் நின்றபடியே சில நிமிடங்களில் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

ரக்பியைப் பாருங்கள். அங்கே சந்தேகம் வந்தால் தற்காலிகமாக வேறொருவர் இறங்குகிறார். அடிபட்டவரை உள்ளே அழைத்துப்போய், கூச்சல் இல்லாத அறையில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சோதிக்க முடிகிறது. நினைவு, உடல் சமநிலை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கிறார்கள். இதே ஏற்பாட்டைக் கால்பந்தில் சோதித்துப் பார்க்கிறோம் என்று இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்க லீக்குகள் கேட்டன. 2023 ஜனவரியில் நீங்கள் மறுத்துவிட்டீர்கள்.

அறிகுறிகள் தாமதமாகத் தெரியலாம், பத்து நிமிடம் தேறியவனுக்கும் பின்னால் மயக்கம் வரலாம், அதனால் சந்தேகம் இருந்தாலே வெளியே எடுப்பதுதான் சரி என்ற வாதம் எனக்குத் தெரியும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மைதானத்தில் நடப்பது அது இல்லையே. சந்தேகத்துக்கு இடமானவன் ஆடிக்கொண்டே இருக்கிறான். பத்து நிமிடம் போதாது என்றால் இப்போது கிடைக்கிற நேரம் எப்படிப் போதும்?

ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டது. மறதி நோய் போன்ற நரம்புச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடம் மூன்றரை மடங்கு அதிகம். பிறகு வந்த தொடர் ஆய்வில் இப்படிப்பட்ட நோய்க்கான வாய்ப்பு டிஃபென்டர்களுக்குத்தான் மிக அதிகம், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பந்தை முட்டியதாலா, மோதல்களாலா என்று அந்த எண்கள் பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் நான் நின்ற இடத்தில் நின்றவர்களைப் பற்றிய எண் அது. சாவி எங்கே வைத்தேன் என்று தேடும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

உங்கள் வாரியத்தில் எட்டு வாக்குகள். ஆறு சேர்ந்தால் விதி மாறும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் தற்காலிக மாற்றுக்கான சோதனையை அனுமதியுங்கள். சோதிக்கிற மருத்துவர் எந்த அணியிடமும் சம்பளம் வாங்காதவராக இருக்கட்டும். அவர் சொல்வதே முடிவாக இருக்கட்டும், ஆட்டக்காரனிடம் கேட்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டாப்பர்