ஞாயிறு கொல்லிமலை பைக் ரைடு: என்ன போட்டு வரணும்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 5.30-க்கு நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடி, கொல்லிமலை ஏறுகிறோம். 70 கொண்டை ஊசி வளைவு, ஞாபகம் இருக்கட்டும்.

1. ஹெல்மெட்: ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பின்னால் உட்காருபவருக்கும். பட்டையை மாட்டித் தலையை ஆட்டுங்கள். ஹெல்மெட் தனியாகச் சுழன்றால் அளவு பெரிது.

2. ஜாக்கெட்: வெயிலுக்கு மெஷ் (காற்று புகும் வலைத்துணி) போதும். ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிப் பாருங்கள், முழங்கையில் இருக்கும் கார்டு (அடி தாங்கும் பட்டை) நகரக் கூடாது. போன வருஷம் விழுந்தபோது எனக்கு அது நகர்ந்துதான் தோல் உரிந்தது. தழும்பு இன்னும் இருக்கு.

3. கையுறை, கணுக்கால் மூடிய ஷூ. செருப்போடு வந்தால் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிடுவேன்.

வருகிறவர்கள் வெள்ளி இரவு 8-க்குள் பெயர், வண்டி போடுங்கள். ஜாக்கெட் இல்லாதவர்கள் மார்பளவும் சேர்த்து; என்னிடம் இரண்டு உபரி இருக்கு.