மதுரையை நடந்து பார்க்க ஒரு தாள் வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான், ஊர் திருநெல்வேலி. மதுரைக்கு இதற்கு முன் எத்தனையோ முறை வந்திருந்தாலும், ஆட்டோவில் ஏறிக் கோயில், திருமலை நாயக்கர் மஹால், தெப்பக்குளம் என்று மூன்று இடங்களை அரைநாளில் முடித்துக்கொண்டு திரும்பியதோடு சரி. சென்ற மாதம் என் பேத்தியின் பிடிவாதத்தால், வழிகாட்டியோ வாகனமோ இல்லாமல், நாங்களே ஒரு தாளில் வரைந்துகொண்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மஹால் வரை ஒரு காலைப்பொழுது முழுவதும் நடந்தோம். அந்த நடையில் கண்டதையும், அதையொட்டி எனக்குத் தோன்றிய கோரிக்கையையும் தங்கள் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மதுரை போல நடப்பவனுக்கு எளிதான ஊர் குறைவு. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு அப்பால் ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. எந்தத் திசையில் வழிதவறினாலும், இரண்டு சந்து தாண்டினால் தெரிந்த பெயருள்ள வீதி ஒன்றில் வந்து நிற்போம். ஆனால் அந்தப் பெயர்களே பேத்தியைக் குழப்பின. சித்திரையில் ஓடும் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஏன் ஓடுகிறது என்று கேட்டாள். மாசியில் நடந்துவந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதாகவும், பெரிய தேர்கள் பழைய மாசி வீதிகளிலேயே தொடர்ந்து ஓடியதாகவும் மதுரைக்காரர்கள் சொல்வதைச் சொன்னேன். இதை மாசி வீதியின் ஒரு முனையில் நான்கு வரியில் எழுதி வைத்திருந்தால், நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவேண்டும் என்ற நிலை இருந்திராது.

என் தொழில் காரணமாக வெளி வீதியில் எனக்குச் சற்று அதிகமாகவே கால் நின்றது. அங்கேதான் பழைய கோட்டையின் மேற்கு வாசலைச் சேர்ந்த கொத்தளம் ஒன்று, பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே எஞ்சி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரியவிட்டார். அந்த வேலையில் நில அளவராக இருந்தவர் மாரட். மேஸ்திரியாக இருந்தவர் பெருமாள். இருவர் பெயரிலும் இன்று வீதிகள் உள்ளன. கலெக்டருக்கு விளக்குத்தூண் ஒன்றும், அளந்தவனுக்கும் ஆளை வைத்து வேலை வாங்கியவனுக்கும் வீதிகளும் கொடுத்த ஊர் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. மாரட் வீதியில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அது ஏதோ மார்க்கெட் என்பதன் திரிபு என்றே இத்தனை காலம் நினைத்திருந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

மேலமாசி வீதியில் 251ஏ எண்ணுள்ள வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியது அந்த வீட்டில்தான். இப்போது அங்கே கதர்க் கடை நடக்கிறது. அங்கிருந்து கிழக்கே வந்து, சித்திரை வீதியைச் சுற்றி, புது மண்டபத்தையும் முடிவுபெறாத ராயகோபுரத்தையும் பார்த்தோம். ராயகோபுரத்தின் பிரம்மாண்டமான கல் நிலைகளை ஒட்டி எவர்சில்வர் குடங்கள் அடுக்கியிருந்தன. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. கடைவீதியோடு கலந்து வாழும் ஊர், அப்படித்தான் இருக்கும்.

நடையின் உச்சம் என்று நான் கருதுவது பத்துத்தூண் சந்து. விளக்குத்தூண் அருகே திரும்பி அந்தச் சந்துக்குள் நுழைந்தால், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மாடிவீடுகளுக்கு மேலாகத் தலைதூக்கி வரிசையாக நிற்கின்றன கல்தூண்கள். நாங்கள் போன நேரத்தில் துணிமூட்டைகளை ஒரு தூணின் அடியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பேத்தி இரண்டு கையையும் விரித்துக் கட்டிப் பார்த்தாள், பாதிகூட எட்டவில்லை. மூட்டை இறக்கியவர், "பாப்பா, நாலு பேர் சேரணும்" என்றார். இதுவும் திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து மஹாலுக்கு நடக்கத் தொடங்கினோம். தெருத்தெருவாகக் கடந்து ஏழெட்டு நிமிடம் நடந்த பிறகுதான் மஹால் வந்தது. 1636-ல் கட்டப்பட்ட அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்று படிப்பது வேறு. இடிபட்ட முக்கால் பங்கின் மேல் எழுந்த வீடுகளுக்கு ஊடே நடந்து அதன் நீளத்தைக் காலால் அளப்பது வேறு. மஹாலின் வாசலில் ஆட்டோவில் இறங்கிய முந்தைய பயணங்களில் இந்த அளவு எனக்குப் பிடிபடவே இல்லை.

இத்தனைக்கும் எங்கள் கையிலிருந்தது கோணல்மாணலான ஒரு தாள். கைபேசி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். 2018-ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீவிபத்து நேர்ந்த பிறகு கோயிலுக்குள் கைபேசி கொண்டுசெல்லத் தடை உள்ளது. அது சரியான தடையும்கூட. ஆகவே நடையின் நடுப்பகுதியில், பார்க்க வேண்டியவை மிகுதியாக உள்ள இடத்தில், கைபேசி பாதுகாப்புப் பெட்டியில்தான் இருக்கும். மேலும் என் வயதொத்தவர்கள் வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிறு திரையில் சந்துகளைத் தேடுவது ஆகிற காரியமில்லை.

ஆகவே, கோயிலைச் சுற்றியுள்ள இந்த வீதிகளையும் மஹாலையும் அடக்கி, தெளிவான தமிழில் அச்சிட்ட ஒரு தாள் வரைபடத்தைப் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ஐந்தோ பத்தோ ரூபாய்க்குக் கிடைக்கச் செய்யுமாறு பொறுப்பிலுள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் கழிப்பறையும் குடிநீரும் நிழலில் உட்காரும் இடமும் எங்கெங்கே உள்ளன என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும்; கோயிலிலிருந்து மஹால் வரும் வழியில் பேத்திக்குக் கழிப்பறை தேடி நாங்கள் ஓர் உணவகத்தில் தேவையில்லாமல் காபி குடிக்க நேர்ந்தது. வீதி முனைகளில் வைக்கும் பெயர்க்கல்லிலும், பெயருக்கு அடியில் அதன் காரணத்தை இரண்டு வரி பொறிக்கலாம். மாரட் வீதியில் முதல் கல்லை நட்டால், துறைக்காரன் என்ற முறையில் மகிழ்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நில அளவர்,
திருநெல்வேலி.