மூன்று நாளை யார் கேட்டார்கள்? அயர்லாந்து சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2018ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தை மூன்று ஆண்டுகளுக்குள் மறு ஆய்வுக்கு எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவே சொல்கிறது. அதன்படி வழக்கறிஞர் மேரி ஓஷே அவர்களை அமர்த்தினீர்கள். அவரது அறிக்கை 2023 ஏப்ரலில் வெளியானது. மருத்துவரின் சான்றுக்கும் கருக்கலைப்புக்கும் இடையிலான கட்டாய மூன்று நாள் காத்திருப்பை எடுத்துவிடுங்கள், யோசிக்க அவகாசம் கேட்கும் பெண்ணுக்கு மட்டும் அது உரிமையாக இருக்கட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்களே கேட்டு வாங்கிய அறிக்கை. அது நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவுக்குப் போனது. பிறகு தேர்தல் வந்தது, அரசு மாறியது, அமைச்சரும் மாறினார். மூன்று நாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். 12ஆம் பிரிவிலிருந்து அந்தக் கட்டாய மூன்று நாளை நீக்குங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். அது நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 12 வாரம், அதாவது 84 நாள் வரை, காரணம் கேட்காமல் கருக்கலைப்பு செய்யலாம். முதலில் ஒரு மருத்துவர் பரிசோதித்து, 12 வாரத்தைத் தாண்டவில்லை என்று சான்று எழுத வேண்டும். அந்தத் தேதியிலிருந்து மூன்று நாள் கழிந்தால்தான் மாத்திரையையோ கருவியையோ தொடலாம். திங்களன்று சான்று என்றால் வியாழன். வியாழனன்று சான்று என்றால் ஞாயிறு. ஞாயிறன்று எந்தக் குடும்ப மருத்துவர் கடை திறந்து வைத்திருக்கிறார்? ஆகவே திங்கள். அந்தத் திங்கள் வங்கி விடுமுறையாக இருந்தால் செவ்வாய். சட்டத்தில் மூன்று என்று எழுதியிருப்பது பெண்ணின் நாட்காட்டியில் ஐந்தாகிவிடுகிறது.

சிகிச்சைக்கென்று தனியாக நாள் வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன் ஒரு நாள். 24 முதல் 48 மணி நேரம் கழித்து 800 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். அதன் பின் சில மணி நேரம் கடும் வயிற்றுவலி, இரத்தப்போக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வேலையில் விடுப்புச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து, கரு கலைந்துவிட்டதா என்று உறுதி செய்ய உணர்திறன் குறைந்த சிறுநீர்ப் பரிசோதனை. இத்தனைக்கும் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் மூன்று நாள்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அன்று. இந்தச் சட்டப்படி நடக்கக்கூடிய சாதாரண ஒரு வாரம்.

மாதவிலக்கு ஒழுங்காக வராத ஒரு பெண். இப்படிப்பட்டவர்கள் பலர். பாலூட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மாதவிலக்கே திரும்பியிருக்காது. கரு பதியும்போது வரும் லேசான இரத்தத்தை மாதவிலக்கு என்று எண்ணிவிடுவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு. அன்று 74ஆம் நாள். அது அவளுக்கு இன்னும் தெரியாது. திங்கள் விடுமுறை. செவ்வாயன்று தன் குடும்ப மருத்துவரைக் கூப்பிடுகிறாள். அவர் இந்தச் சேவை செய்பவர் இல்லை. உதவி எண்ணில் கேட்டு வேறொருவரின் எண்ணை வாங்குகிறாள். புதனன்று கூப்பிட்டால் வியாழனன்று நேரம் கிடைக்கிறது. தேதி உறுதியாகத் தெரியாததால் மருத்துவர் ஸ்கேனுக்கு அனுப்புகிறார். வெள்ளியன்று ஸ்கேன், அன்றே சான்று: 11 வாரம் 2 நாள், ஆக 79ஆம் நாள். இவ்வளவு விரைவில் ஸ்கேன் கிடைத்தது என்பதே தாராளக் கணக்கு. மூன்று நாள் கழிந்தால் திங்கள், 82. இத்தனை வாரமான கருவுக்கு மருத்துவமனைதான் போக வேண்டும். அங்கே அடுத்த நேரம் செவ்வாயன்று. 83ஆம் நாள். தப்பித்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் வராமல், பேருந்து தவறாமல், அவள் மேலாளர் விடுப்பு கொடுத்தால் தப்பித்தாள். இரண்டு நாள் தவறினால் வியாழன், 85. சட்டத்துக்கு வெளியே.

சரி, அதே வெள்ளிக்கிழமை ஸ்கேன் 79க்குப் பதில் 82 என்று காட்டியிருந்தால்? அன்றைக்கு அவள் சட்டத்துக்குள்தான் இருக்கிறாள். மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். முடிவும் எடுத்துவிட்டாள். ஆனால் மூன்று நாள் கூட்டினால் 85. சட்டம் ஒரு கையால் 12 வாரம் கொடுத்து, மறு கையால் அதில் கடைசி மூன்று நாளைப் பிடுங்கிக்கொள்கிறது. காத்திருக்கும் பெண்ணுக்கு 12 வாரம் என்பது 11 வாரம் 4 நாள்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. முதல் மூன்று மாத ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து வயதைக் கணிக்கிறோம். திறமையானவர் அளந்தாலும் ஐந்து முதல் ஏழு நாள் முன்பின் இருக்கும். கருவியின் பிழை ஐந்து நாள், சட்டத்தின் கண்டிப்போ ஒரு நாள். பலசரக்குக் கடைத் தராசில் தங்கம் நிறுப்பது போன்ற இந்தத் துல்லியத்தின் பின்னால் 23ஆம் பிரிவு நிற்கிறது: சட்டத்துக்கு வெளியே உதவும் மருத்துவருக்கு 14 ஆண்டு வரை சிறை. ஆகவே எல்லைக்கு அருகில் வரும் பெண்ணுக்கு எந்த மருத்துவரும் தாராளமாக எண்ண மாட்டார். எண்ண வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை.

வாரம் குறைவாக இருப்பவர்களையும் இந்த மூன்று நாள் விடுவதில்லை. சேவை தொடங்கியபோது வகுத்த ஏற்பாட்டில், 9 வாரம் வரை குடும்ப மருத்துவரிடமே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் மருத்துவமனை. 8 வாரம் 5 நாளில் வருபவள் காத்திருந்து முடிக்கும்போது 9 வாரம் 1 நாள் ஆகிவிடும். வீட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மருத்துவமனைப் படுக்கை. நாள் ஏற ஏற வலியும் இரத்தப்போக்கும் கூடும், மாத்திரை பலிக்காமல் போகும் வாய்ப்பும் சற்றுக் கூடும். காத்திருப்பால் மருத்துவ நன்மை ஏதாவது ஒன்று உண்டா என்று தேடிப் பார்த்தாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல் கட்டாயக் காத்திருப்பு வேண்டாம் என்றே சொல்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில் 2020இல் வந்த விதிகளிலும் அது இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள டண்டாக்கிலிருந்து அந்தப் பக்கமுள்ள நியூரி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எல்லை தாண்டிப் போகலாமே என்பார்கள். போகிறார்கள். 2018இல் அயர்லாந்து முகவரி தந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் 2,879 பேர், 2019இல் 375. பெரிய இறக்கம்தான், அதற்கு நன்றி. ஆனால் அதற்குப் பிறகும் ஆண்டுக்கு இருநூறு பேர் அளவில் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போக முடிந்தவர்களின் கணக்கு அது. இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணமும் இங்கேதான் இருக்கிறது. இந்நாட்டு மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இந்தியக் கடவுச்சீட்டோடு வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அயர்லாந்தில் வசிக்க அனுமதி இருந்தாலும், லிவர்பூலுக்கோ நியூரிக்கோ சட்டப்படி போக அவர்களுக்குத் தனியாக பிரிட்டிஷ் விசா வேண்டும். விண்ணப்பித்தால் பொதுவாக மூன்று வாரம். 85ஆம் நாளில் கதவு மூடியவளுக்கு விசா வரும்போது நூறு நாளைத் தாண்டியிருக்கும். விமானச் சீட்டு, தங்குமிடம், சிகிச்சைக் கட்டணம் எல்லாம் அவள் கையிலிருந்து. புகலிடம் கேட்டு இங்கே காத்திருப்பவர்களின் நிலையை நாங்கள் விளக்கவே வேண்டாம்.

இந்த மூன்று நாளைக் கேட்டது யார்? 2017 டிசம்பரில் உங்கள் நாடாளுமன்றக் கூட்டுக்குழு 12 வாரம் வரை காரணம் கேட்காமல் அனுமதிக்கப் பரிந்துரைத்தது, காத்திருப்பைக் கேட்கவில்லை. 2018 மார்ச்சில் அரசு தன் சட்ட வரைவைச் சொன்னபோதுதான் அது உள்ளே வந்தது. தயங்கி நின்ற அரசியல்வாதிகளை இந்தப் பக்கம் அழைத்துவரக் கொடுத்த விலை என்று அன்றே எல்லோருக்கும் தெரியும். அரசமைப்பிலிருந்த கருக்கலைப்புத் தடையை நீக்கலாமா என்று 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 66.4 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். சமரசத்தின் வேலை அன்றோடு முடிந்தது. விலையை மட்டும் இன்றுவரை பெண்கள் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காத்திருப்பதால் சிலர் மனம் மாறுகிறார்கள், முதல் சந்திப்புக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வருவதில்லை என்று வாதிடுகிறார்கள். திரும்பி வராதவர்களில் தானாகக் கரு கலைந்தவர்கள் உண்டு, வேறிடம் போனவர்கள் உண்டு, நாள் கடந்துபோனவர்கள் உண்டு, பெற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. இந்தக் கடைசி வகையினருக்குச் சட்டம் தேவையில்லை. ‘இன்னும் யோசிக்கிறேன்’ என்று எழுந்து போனால் போதும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு வரும் ஆணை, மூன்று நாள் யோசித்துவிட்டு வா என்று இந்நாட்டின் எந்தச் சட்டமாவது திருப்பி அனுப்புகிறதா? நாங்கள் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம்.

யோசிப்பதைப் பற்றிப் பேசினால் அரசின் சாதனையையும் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தால் கருக்கலைப்பு சட்டப்படியானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1992இல். அதற்குச் சட்டம் எழுதியது 2013இல். 21 ஆண்டு. அதுவும், கரு கலையத் தொடங்கிய நிலையில் கருக்கலைப்பு மறுக்கப்பட்ட இந்தியப் பெண் சவிதா ஹலப்பனவர் 2012இல் கால்வே மருத்துவமனையில் இறந்த பிறகு. தேசிய மகப்பேறு மருத்துவமனையைப் புதிய இடத்துக்கு மாற்றுவதாக 2013இல் அறிவித்தீர்கள். நிலம் கன்னியாஸ்திரீகளுடையதா, அரசுடையதா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை. கடைசியில் ஆண்டுக்குப் பத்து யூரோ வாடகையில் 299 ஆண்டுக் குத்தகை என்று 2022இல் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. யோசிக்கும் அவகாசம் உங்களுக்குக் கிடைத்த அளவுக்கு யாருக்குக் கிடைக்கும்! கருவுற்ற பெண்தான் அவசரப்படுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

கோபம் கொஞ்சம் எல்லை தாண்டிவிட்டது, பொறுத்தருளுங்கள். சவிதாவின் பெயரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர் மரணத்தைச் சட்டத்தின் மேல் மட்டும் போட்டுவிட்டுக் கைகழுவ நாங்கள் தயாரில்லை. இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன் தலைமையில் நடந்த விசாரணை 2013இல் சொன்னது இதுதான்: போதுமான கண்காணிப்பு இல்லை, சிகிச்சை வழிகள் அனைத்தையும் நோயாளி முன் வைக்கவில்லை, கிருமித் தொற்று உடலெங்கும் பாதித்து உயிரைப் பறிக்கும் செப்சிஸுக்கான நெறிமுறைகளைப் பின்பற்றவில்லை. சேர்ந்த அன்றே எடுத்த இரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை கூடியிருந்தது. அந்த முடிவை உரிய நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. 17 வாரத்தில் பனிக்குடம் உடைந்தால் குழந்தை பிழைக்க அநேகமாக வழியில்லை, கிருமி மேலேறும் வழி மட்டும் ஒவ்வொரு மணி நேரமும் திறந்திருக்கும். கருப்பையைக் காலி செய்வதுதான் அதற்கு வைத்தியம். ஆனால் கருவின் இதயத்துடிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். சட்டத்தை மறுபரிசீலனை செய்யுங்கள், தேவையானால் அரசமைப்பையும் சேர்த்து, என்று அருள்குமரன் குழு நாடாளுமன்றத்துக்கே பரிந்துரைத்தது.

அதிலிருந்து மருத்துவத் துறை கற்றுக்கொண்டது. கர்ப்பிணிகளின் நாடித்துடிப்பு, காய்ச்சல், மூச்சு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒரே தாளில் வண்ணக் கட்டங்களில் குறித்து, ஆபத்தை முன்கூட்டியே காட்டும் முறை நாடெங்கும் வந்தது. செப்சிஸ் என்று ஐயம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தம் எடு, ஆன்டிபயாடிக் போடு, சிறுநீரை அள என்று 2014இல் தேசிய வழிகாட்டுதல் வந்தது. வார்டில் நாங்கள் மணிக்கணக்கில் கணக்குக் காட்டுகிறோம். சட்டம் நாள்கணக்கில் நிற்கச் சொல்கிறது. நோயாளி முன் எல்லா வழிகளையும் வையுங்கள் என்று விசாரணை சொன்னதை நாங்கள் செய்கிறோம். வைத்துவிட்டு, ‘மூன்று நாள் கழித்து வாருங்கள்’ என்று சொல்லவும் நாங்கள்தான் வேண்டியிருக்கிறது.

மேரி ஓஷே அறிக்கையில் இன்னும் பல இருக்கின்றன. 14 ஆண்டுச் சிறைப் பிரிவு, கரு பிறக்கும் முன்போ பிறந்து 28 நாளுக்குள்ளோ இறந்துவிடக்கூடும் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி சொல்ல வேண்டிய 11ஆம் பிரிவு, சேவை செய்யும் குடும்ப மருத்துவர்கள் அருகிக் கிடக்கும் மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மடல் எழுதலாம். இவற்றுக்கெல்லாம் விவாதம் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்ள முயல்கிறோம். மூன்று நாளுக்கு அது தேவையில்லை. அதை நீக்கப் புதுக் கட்டடம் வேண்டாம், புது ஆள் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். இரண்டு சந்திப்பை ஒன்றாக்கினால் குடும்ப மருத்துவரின் நேரம்கூட மிச்சம்.

ஆகவே பணிவோடு கேட்கிறோம்: 12ஆம் பிரிவிலுள்ள கட்டாய மூன்று நாள் காத்திருப்பை நீக்கும் ஒரு சிறு திருத்த மசோதாவை இந்தக் கூட்டத்தொடரிலேயே அரசின் சார்பில் கொண்டுவாருங்கள். கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்திருந்தால், அதையும் காரணத்தோடு அவையில் சொல்லிவிடுங்கள். வங்கி விடுமுறைக்கு முந்தைய வியாழனன்று எங்கள் முன் வந்து உட்காரும் பெண்ணிடம் அந்தக் காரணத்தைச் சொல்ல எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
அயர்லாந்தில் மகப்பேறுப் பணியில் இருக்கும் தமிழ்ச் செவிலியர், மருத்துவர் சிலர்